வின்னிப்பெக் குளிருக்கு எந்த இன்ஜின் ஆயில்?

"மைனஸ் 40 டிகிரிக்கு எந்த நிறுவனத்தின் சிந்தெட்டிக் ஆயில் நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது. கோடையில் டொராண்டோவிலிருந்து, கனடாவின் கடுங்குளிர் ஊரான வின்னிப்பெக்குக்கு மாறி வந்திருக்கிறீர்கள். கார், 2016 டொயோட்டா கொரோலா. செவிலியர் வேலை; பன்னிரண்டு மணி நேர இரவுப் பணி; அதுவரை கார் திறந்தவெளியில் நிற்கும். டொராண்டோவில் கடைசியாக ஆயில் மாற்றிய இடத்தில் 5டபிள்யூ-30 ஊற்றியிருக்கிறார்கள். போன ஜனவரியில் மைனஸ் 45 வரை போனது என்று உடன் வேலை செய்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். திருச்சியில் லாரி வைத்து ஓட்டிய அப்பாவோ, "நல்ல கெட்டியான ஆயிலாகப் பார்த்து ஊற்றச் சொல்" என்கிறார். ஆக, காலை ஏழரை மணிக்கு வேலை முடிந்து வெளியே வரும்போது கார் கிளம்புமா, கிளம்பினாலும் உள்ளே ஏதாவது கெட்டுப்போகுமா, அப்பா சொல்வது சரிதானா என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் கோவையில் மெக்கானிக்காகத் தொடங்கி, 2005 முதல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உள்ள எட்மன்டனில் அதே தொழிலில் இருப்பவன். கனடா முழுவதும் செல்லும் ரெட் சீல் தொழில் சான்று பெற்றவன். ஆயில் தயாரிக்கும் வேதியியல் எனக்குப் பாடமாக இருந்ததில்லை. ஆயில் செய்த நன்மையையும் கேட்டையும் இன்ஜினைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவன். உங்கள் காரை நேரில் பார்க்காமல் சொல்கிறேன் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். 0டபிள்யூ-20 சிந்தெட்டிக் ஊற்றுங்கள். உங்கள் கார் கையேடும் அதைத்தான் சொல்லும். பாட்டிலின் பின்புறம் உள்ள வட்ட முத்திரையில் ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) வழங்கும் தர வகுப்பு எஸ்.பி. அல்லது அதற்குப் பின் வந்த எஸ்.கியூ. என்று இருக்க வேண்டும். மொபில் 1, காஸ்ட்ரால், பென்சாயில், பெட்ரோ-கனடா என்று எதுவானாலும், அந்த எண்ணும் அந்த முத்திரையும் இருந்தால் எனக்குச் சம்மதம். தள்ளுபடியில் எது கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். ஆனால் மைனஸ் 35-க்குக் கீழே நீங்கள் நம்ப வேண்டியது ஆயிலை மட்டுமல்ல, மின்சாரத்தையும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அப்பா சொல்வது திருச்சிக்கு முழுக்கச் சரி. நானும் கோவையில் பைக்குகளுக்கு 20டபிள்யூ-40 ஊற்றிப் பழகியவன்தான். மார்கழி விடியற்காலையில்கூட வெப்பநிலை பதினைந்துக்குக் கீழே அரிதாகவே இறங்கும் ஊரில், ஆயில் இளகிப் போகுமே என்பதுதான் கவலை. இறுகிப் போகும் என்று ஒருவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. எனவே 'கெட்டி' என்றால் 'நல்லது' என்று கை பழகிவிடுகிறது. பாட்டிலில் இருக்கும் இரண்டு எண்களும் இரண்டு வேறு பருவங்களைப் பேசுபவை. பின்னால் வரும் 20, 30, 40 ஆகியவை இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, 100 டிகிரியில், ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கின்றன. முன்னால் இருக்கும் எண்ணும் 'டபிள்யூ' என்ற எழுத்தும் குளிருக்கானவை. அந்த எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. 0டபிள்யூ-20, 5டபிள்யூ-20 இரண்டும் சூடான இன்ஜினுக்குள் ஒரே வகுப்பு. எனவே '0' என்பதைப் பார்த்து ஆயில் தண்ணீராக ஓடிவிடும் என்று அப்பா பயப்பட வேண்டாம். கோடைக்கு வேறு ஆயில் மாற்றவும் தேவையில்லை. வெளியே 30 டிகிரி அடித்தாலும் இன்ஜினின் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வைத்திருக்கும்.

இந்த எண்களைத் தீர்மானிப்பது எஸ்.ஏ.இ. ஜே300 என்ற தரநிலை. அதில் குளிருக்கு இரண்டு தேர்வுகள் உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுழற்ற முடிகிற அளவுக்கு ஆயில் இளக்கமாக இருக்கிறதா என்பது ஒன்று. சுழன்ற பிறகு அடித்தொட்டியில் கிடக்கும் ஆயிலைப் பம்பு உறிஞ்சி மேலே அனுப்ப முடியுமா என்பது மற்றது. 0டபிள்யூ ஆயில் முதல் தேர்வை மைனஸ் 35-இலும் இரண்டாவதை மைனஸ் 40-இலும் எழுதித் தேற வேண்டும். 5டபிள்யூ-வுக்கு இவை மைனஸ் 30, மைனஸ் 35. 10டபிள்யூ-வுக்கு மைனஸ் 25, மைனஸ் 30. சுழற்றும் தேர்வில் 0டபிள்யூ-வுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 6,200 மில்லிபாஸ்கல்-வினாடி (திரவம் எவ்வளவு கெட்டி என்பதை அளக்கும் அலகு). அறை வெப்பத்தில் தண்ணீருக்கு இது ஏறக்குறைய 1. அதாவது தேறிய ஆயில்கூட அந்தக் குளிரில் தேன் பதத்தில்தான் இருக்கும். ஆயிலுக்கு அதன் தகுதிக்கு உட்பட்ட மிகக் குறைந்த டபிள்யூ எண்ணைத்தான் இட வேண்டும் என்பதும் விதி. ஆகவே ஒரு பாட்டிலில் 5டபிள்யூ என்று அச்சடித்திருந்தால், அது 0டபிள்யூ தேர்வில் தேறவில்லை என்று பொருள்.

இரண்டு தேர்வில் கொடியது இரண்டாவது. கார் கிளம்பாவிட்டால் வாடகைக் கார் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். கிளம்பிய பிறகு ஆயில் மேலே ஏறாவிட்டால்தான் ஆபத்து. சாதாரண கனிம எண்ணெயில் மெழுகு உண்டு. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? மெழுகும் அப்படித்தான் குளிரில் படிகமாகி வலை பின்னும். ஆயில் அந்த வலைக்குள் சிக்கிக்கொள்ளும். கெட்டித் தயிரில் ஒரு கரண்டி எடுத்தால் அந்தக் குழி அப்படியே நிற்கிறது. சுற்றியிருக்கும் தயிர் வந்து அதை நிரப்புவதில்லை. பம்பு முதல் மிடறை உறிஞ்சியதும் அடித்தொட்டியிலும் அப்படி ஒரு குழி விழும். அதன் பிறகு பம்பு இழுப்பதெல்லாம் காற்று. இது கற்பனை இல்லை. 1980-ஐ ஒட்டிய குளிர்காலங்களில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் உள்ள சூ ஃபால்ஸ் பகுதியில், அன்றைய தரத்தேர்வில் தேறிய ஆயில்களே இப்படி உறைந்து இன்ஜின்களைக் கெடுத்தன. தேர்வில் ஆயிலை வேகமாகக் குளிர்வித்தார்கள். அங்கே அது ஓரிரு நாள் மெல்ல மெல்லக் குளிர்ந்தது. மெல்லக் குளிரும்போதுதான் மெழுகு வலை நிதானமாகப் பின்னிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் தேர்வு முறையையே மாற்றி, ஆயிலை இரண்டு நாள்வரை மெதுவாகக் குளிரவைத்துச் சோதிக்கத் தொடங்கினார்கள். பன்னிரண்டு மணி நேரம் வெட்டவெளியில் நிற்கும் உங்கள் கார் அன்றாடம் எழுதப்போவதும் அந்தத் தேர்வைத்தான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எட்மன்டனுக்கு வந்த முதல் குளிர்காலம். பழைய கார் ஒன்று வாங்கி, கோவைப் பழக்கத்தில் 10டபிள்யூ-40 ஊற்றி வைத்திருந்தேன். ஒரு விடியற்காலை மைனஸ் 34. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர், சேற்றில் மாட்டிய எருமை போல ஒவ்வொரு அடியாக நகர்ந்தது. நாலாவது முயற்சியில் இன்ஜின் பிடித்தது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. முகப்பில் எண்ணெய்க் குவளை வடிவச் சிவப்பு விளக்கு மட்டும் அணையவில்லை. சூடானால் அணைந்துவிடும் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை வேறு மிதித்தேன். மேலே வால்வு பக்கமிருந்து தகரத்தில் கல் உருட்டுவதுபோல ஓசை. ஏறக்குறைய இருபது நொடி கழித்து விளக்கு அணைந்தது, ஓசையும் அடங்கியது, நானும் மறந்துவிட்டேன். வசந்தத்தில் இன்ஜின் அடியிலிருந்து 'டொக் டொக்' என்று தட்ட ஆரம்பித்தது. பிரித்தபோது பேரிங்கின் மேல்பூச்சு உரிந்து செம்பு நிறம் தெரிந்தது. மெக்கானிக்காக இருந்துகொண்டு செய்த மடத்தனம் அது. உங்களுக்குச் சிவப்பு விளக்கு ஐந்து நொடிக்கு மேல் எரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.

இனி 'சிந்தெட்டிக்' என்ற சொல். இதை நம்பித்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். ஒருகாலத்தில் அது ஆய்வகத்தில் மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டிய எண்ணெயைக் குறித்தது. அதில் மெழுகே இருக்காது. பிறகு கச்சா எண்ணெயையே கடுமையாகச் சுத்திகரித்து, மெழுகை உருமாற்றி, ஏறக்குறைய அதே குணங்களைக் கொண்டுவந்தார்கள். காஸ்ட்ரால் அதையும் சிந்தெட்டிக் என்று விற்றதை எதிர்த்து மொபில் எழுப்பிய புகாரில், 1999-இல் அமெரிக்க விளம்பரத் தீர்ப்பு அமைப்பு காஸ்ட்ராலின் பக்கம் நின்றது. அன்றிலிருந்து வட அமெரிக்காவில் இரண்டும் ஒரே பெயரில் விற்கின்றன. எனவே 'முழு சிந்தெட்டிக்' என்று பெரிதாக எழுதிய 10டபிள்யூ-30 ஆயிலும் கடையில் கிடைக்கும். வின்னிப்பெக் ஜனவரிக்கு அது உதவாது. மறுபக்கம், 0டபிள்யூ என்று இருந்தால் அதைச் சிந்தெட்டிக் அடித்தளம் இல்லாமல் தயாரிப்பது மிகக் கடினம். ஆக அந்த எண்ணைப் பார்த்து வாங்கினாலே மற்றது தானாக வந்துவிடும். 'உறைநிலை மைனஸ் 50' என்பது போன்ற விளம்பரங்களையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாய்த்தால் அசைகிறதா என்பதைத்தான் அந்த அளவு சொல்கிறது. பம்பு இழுக்குமா என்பது வேறு விஷயம். அக்கறை இருந்தால் நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த ஆயிலின் தொழில்நுட்பத் தாளைத் திறந்து, மைனஸ் 35 சுழற்சி எண்ணையும் மைனஸ் 40 பம்பு எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சில தாள்களில் இந்த எண்களே இருக்காது. அந்த ஆயிலை நான் வாங்குவதில்லை.

இப்போது காரில் இருக்கும் 5டபிள்யூ-30-ஐ உடனே வடித்துவிட வேண்டுமா? வேண்டாம். உடன் வேலை செய்பவர்கள் சொன்ன மைனஸ் 45 பெரும்பாலும் காற்றுக் குளிர்ச்சி அளவாக இருக்கும். உண்மையான வெப்பநிலை மைனஸ் 31-ஆக இருந்து, மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் காற்று வீசினாலே வானொலியில் மைனஸ் 45 என்பார்கள். அது நம் தோலுக்கான கணக்கு. காற்று இன்ஜினைச் சீக்கிரம் ஆறவைக்கும். ஆனால் மைனஸ் 31-க்குக் கீழே அதைக் கொண்டுபோக முடியாது. அந்த மைனஸ் 31-இல் 5டபிள்யூ ஆயில் பம்புத் தேர்வின் எல்லைக்குள்தான் இருக்கிறது. எனவே இந்த ஆயில் இலையுதிர்காலம் வரை ஓடட்டும். ஆனால் வின்னிப்பெக்கில் காற்றே இல்லாமல் மைனஸ் 40-ஐத் தொடும் இரவுகளும் உண்டு. 1879 டிசம்பர் 24-இல் அங்கே பதிவானது மைனஸ் 47.8. அந்த அளவுக்கு 0டபிள்யூ-வும் உத்தரவாதம் தராது.

இதுவரை சொன்னவை தரநிலையும் அனுபவமும் ஒத்துப்போகும் விஷயங்கள். அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. "இன்ஜின் தேய்மானத்தில் முக்கால்வாசி ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நொடிகளில்தான்" என்று விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். குளிர்த் தொடக்கம் இன்ஜினைக் கூடுதலாகத் தேய்க்கிறது என்பதில் சந்தேகமில்லை. முக்கால்வாசி என்ற கணக்கை நான் நம்புவதில்லை. இன்ஜினுக்கு இன்ஜின், ஓட்டுபவருக்கு ஓட்டுபவர் அது மாறும். அதேபோல, விலை கூடிய 'உண்மையான' சிந்தெட்டிக் உங்கள் கொரோலாவுக்கு எத்தனை வருடம் கூடுதல் ஆயுள் தரும் என்று யாராவது எண்ணிக்கை சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நேரத்துக்கு ஆயில் மாற்றிய சாதாரண 0டபிள்யூ-20 கார்கள் மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டி என் பட்டறைக்கு வருகின்றன. ஆயிலில் கலக்கும் கூடுதல் திரவங்களால் பலன் கண்ட வண்டியை நான் பார்த்ததில்லை. கெட்டியான கலவைகள் குளிரில் கெடுதலே செய்யும்.

எப்போது மாற்றுவது என்பதை யாரும் கேட்பதில்லை, ஆனால் உங்களுக்கு அது முக்கியம். ஆயில் பழசாகும்போது குளிர்த் தகுதியையும் இழக்கிறது. அந்த முத்திரைக்கான தரத்தேர்வே, செயற்கையாக முதுமையாக்கிய ஆயில் ஒரு படி கீழே இறங்கினால் பொறுத்துக்கொள்கிறது. அதாவது ஏப்ரலில் ஊற்றிய 0டபிள்யூ, ஜனவரியில் 5டபிள்யூ போல நடந்துகொள்ளலாம். எனவே அக்டோபர் கடைசியில் புது ஆயிலோடு குளிர்காலத்துக்குள் நுழையுங்கள். வீட்டிலிருந்து மருத்துவமனை பத்து நிமிடம் என்று எழுதியிருந்தீர்கள். பத்து நிமிடத்தில் ஆயில் சூடேறாது. எரியாத பெட்ரோலும் நீராவியும் அதில் தங்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறம் மோர் நுரை போல வெளிர் மஞ்சள் பசை ஒட்டியிருக்கும். பார்த்ததும் ஹெட் கேஸ்கெட் (கூலன்ட் ஆயிலில் கலக்காமல் அடைக்கும் தகடு) போய்விட்டது என்று பதற வேண்டாம். குளிர்நாட்டில் குறுந்தூரம் ஓடும் கார்களில் அது சாதாரணம். கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், அளவு குறைந்தால் மட்டும் பட்டறையில் காட்டுங்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். கையேட்டில் 'கடுமையான பயன்பாடு' என்று ஒரு அட்டவணை இருக்கும். உங்களுக்கு உரியது அதுதான்.

இனி மின்சாரம். பிளாக் ஹீட்டர் என்பது இன்ஜினுக்குள் இருக்கும் கூலன்டைச் சூடாக்கும் சிறிய ஹீட்டர். பெரும்பாலும் 400 வாட் அளவில் இருக்கும். அதன் தொடக்க வடிவம் ஒன்றுக்கு வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949-இல் காப்புரிமை பெற்றார். வின்னிப்பெக்கிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊர். குளிர் தெரிந்தவர்தான் கண்டுபிடித்திருக்கிறார். அது ஆயிலை நேரடியாகச் சூடாக்குவதில்லை. ஆனால் இன்ஜின் உடம்பு சூடாக இருப்பதால் சுவர்களில் ஒட்டிய ஆயில் இளகி, ஸ்டார்ட்டருக்குச் சுமை குறைகிறது. இரவு முழுவதும் போட்டு வைக்க வேண்டாம், மின்கட்டணம்தான் ஏறும். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு தானாக இயங்குமாறு டைமர் வையுங்கள். மைனஸ் 15-க்குக் கீழே நான் போட்டுவிடுவேன். மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் பிளக் உள்ள இடம் கிடைக்குமா என்று இப்போதே கேட்டுவையுங்கள். பல இடங்களில் காத்திருப்போர் பட்டியல் உண்டு. சில நிறுத்தங்களில் மின்சாரம் விட்டு விட்டு வருமாறு அமைத்திருப்பார்கள். பழுது என்று நினைத்துவிட வேண்டாம். மின்சாரமும் எப்போதும் கைகொடுக்கும் என்றில்லை. 2024 ஜனவரி 13 இரவு, ஆல்பர்ட்டாவில் எல்லோருடைய கைபேசியும் ஒரே நேரத்தில் அலறியது: மின்தேவை எல்லை மீறப்போகிறது, பயன்பாட்டைக் குறையுங்கள் என்று. பிளாக் ஹீட்டரைத் தள்ளிப் போடுவதும் அந்த வேண்டுகோளில் இருந்தது. அன்றைய குளிரில் 0டபிள்யூ ஊற்றியிருந்தவர்கள் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

பேட்டரி நான்கைந்து வருடப் பழசு என்றால் சோதித்துவிடுங்கள். அதன் மேல் அச்சிட்டிருக்கும் குளிர்த் தொடக்க ஆம்பியர், மைனஸ் 18-இல் எடுத்த அளவு. மைனஸ் 35-இல் அவ்வளவு வராது. கூலன்ட் பாதிக்குப் பாதி கலவையாக இருந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். நீங்கள் போயிருக்கும் ஊருக்கு 60 விழுக்காடு கலவை கேளுங்கள். கிளம்பியதும் ஒரு நிமிடம் விட்டு மெதுவாக ஓட்டத் தொடங்குங்கள். நின்ற இடத்திலேயே உறுமவைக்க வேண்டாம். முதல் இரண்டு தெரு வரை கார் 'தடக் தடக்' என்று குதிக்கும். டயர் நின்ற இடத்தில் தட்டையாகி உறைந்திருக்கும், அவ்வளவுதான். இங்கே 'சதுர டயர்' என்பார்கள்.

கொரோலாவில் ஹீட்டர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் வாங்கியது என்பதால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முன் கிரில்லுக்குப் பின்னால் மூன்று முனைப் பிளக் ஒன்று தொங்குகிறதா என்று தேடுங்கள். சில கார்களில் பானெட்டுக்குள் சுருட்டிக் கட்டி வைத்திருப்பார்கள். கிடைத்தால், இன்ஜின் ஆறியிருக்கும்போது வெளிப்புறத்துக்கான தடித்த நீட்டு ஒயரில் செருகிவிட்டு, பானெட் அருகே காதை வைத்துக் கேளுங்கள். ஓரிரு நிமிடத்தில், அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்கும் முன் பாத்திரம் முனகுமே, அதுபோல மெல்லிய ஓசை வந்தால் வேலை செய்கிறது. ஒன்றுமே கேட்காவிட்டால் பட்டறையில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீட்டரே இல்லை என்றால் ஆயில் மாற்றும்போதே பொருத்திவிடலாம். இதற்கான முன்பதிவைச் செப்டம்பரிலேயே செய்துவிடுங்கள். முதல் பனி விழுந்த பிறகு ஊரே குளிர்கால டயரைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும், உங்கள் முறை வர மூன்று வாரம் ஆகும்.